இடக்காலில் பூட், வலது இடுப்பில் வலி: ஒரு நிகழ்வு ஆய்வு

நான் ஒரு சிறு நகரத்தில் பிசியோதெரபி மருத்துவராக இருக்கிறேன். இந்தக் குறிப்பு, கால் எலும்பு முறிந்து வாக்கிங் பூட் அணிந்த ஒருவருக்கு மற்றக் காலிலும் முதுகிலும் ஏற்பட்ட வலியைப் பற்றியது. அவரது சம்மதத்துடன் எழுதுகிறேன். அடையாளம் தரக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். சிகிச்சையில் நான் செய்த பிழை ஒன்றை மட்டும் விடவில்லை. இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

பின்னணி

அவர் 54 வயதுப் பள்ளி ஆசிரியை. சர்க்கரை நோய் இல்லை. வலது முழங்காலில் சில ஆண்டுகளாக லேசான தேய்மானம் இருந்தது. மாடிப்படி ஏறினால் வலிக்கும், மற்றபடி தொந்தரவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கடைசிப் படியில் இடது பாதம் உட்புறமாகத் திரும்பி மடங்கியது. எக்ஸ்ரேயில், சுண்டுவிரலுக்குப் பின்னால் நீளும் ஐந்தாம் பாத எலும்பின் அடிமுனையில் முறிவு தெரிந்தது.

இந்த எலும்பில் ஏற்படும் முறிவுகள் எல்லாம் ஒன்றல்ல. அடிமுனையிலிருந்து சற்று முன்னால் முறிந்தால் அதற்கு ஜோன்ஸ் முறிவு என்று பெயர். ராபர்ட் ஜோன்ஸ் என்ற அறுவை மருத்துவர், நடனமாடும்போது தன் காலிலேயே ஏற்பட்ட முறிவையும் சேர்த்து 1902இல் இதை விவரித்தார். அந்த இடத்தில் இரத்த ஓட்டம் குறைவு என்பதால் கூடுவது தாமதமாகும், சில வேளை அறுவை சிகிச்சையும் தேவைப்படும். ஆசிரியைக்கு முறிந்தது அடிமுனையின் நுனியிலேயே. அது பெரும்பாலும் தானே கூடிவிடும். எனவே எலும்பு மருத்துவர் மாவுக்கட்டு போடவில்லை. முழங்காலுக்குக் கீழே வரை வரும் வாக்கிங் பூட் ஒன்றைத் தந்து, வலி பொறுக்கும் அளவுக்கு ஊன்றி நடக்கலாம், ஆறு வாரம் கழித்து எக்ஸ்ரே பார்க்கலாம் என்றார். தூங்கும்போதும் உட்கார்ந்திருக்கும்போதும் கழற்றிக்கொள்ள அனுமதித்தார். சரியான சிகிச்சை. அதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து இல்லை.

பூட்டைப் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. இரு பக்கமும் கெட்டியான பிளாஸ்டிக் பட்டைகள், உள்ளே பஞ்சு உறை, மேலே ஒட்டுப்பட்டைகள். கணுக்கால் மடங்காது. மடங்காத காலால் நடக்க வேண்டும் என்பதற்காக அடிப்பாகம் படகின் அடிபோல் வளைந்து, தடிமனாக இருக்கும். அந்தத் தடிமன்தான் இந்தக் கதையின் வில்லன்.

முதல் 18 நாட்கள்

முதல் வாரம் பாத வலி குறைந்துகொண்டே வந்தது. எட்டாம் நாள் வாக்கில் வலது இடுப்பின் வெளிப்பக்கத்தில் மந்தமான வலி தொடங்கியது. வலப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை. இரண்டாம் வாரம் முடியும்போது கீழ்முதுகிலும் வலி வந்தது. 17ஆம் நாள், பழைய வலது முழங்கால் வலியும் சேர்ந்துகொண்டது. அடிபட்ட காலில் வலி ஏறக்குறைய இல்லை, அடிபடாத காலில் ஊன்ற முடியவில்லை என்ற நிலை.

அவர் இதைப் பொருட்படுத்தாமல் இருந்ததற்கு ஒரு காரணம் சொன்னார். ஒரு காலுக்கு ஓய்வு கொடுத்தால் இன்னொரு கால் உழைக்கத்தானே வேண்டும், வலிக்கத்தான் செய்யும் என்று நினைத்தாராம். வீட்டில் உள்ளவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். 19ஆம் நாள் என்னிடம் வந்தார்.

பரிசோதனையில் கண்டவை

"இடுப்பு வலி" என்று நம் ஊரில் சொன்னால் அது பாதி நேரம் கீழ்முதுகு வலியாக இருக்கும். அதனால் இடத்தை விரலால் காட்டச் சொன்னேன். அவர் இரண்டு இடங்களைக் காட்டினார். ஒன்று, வலது தொடை எலும்பு இடுப்பருகே வெளிப்பக்கம் புடைத்திருக்கும் மேடு. அழுத்தியபோது கையைத் தட்டிவிட்டார். மற்றொன்று, கீழ்முதுகில் முதுகெலும்புக்கு வலப்புறம். பத்துக்கு எத்தனை என்று கேட்டதில் இடுப்புக்கு 6, முதுகுக்கு 4, முழங்காலுக்கு 3 என்றார்.

கால் மரத்துப்போதல், சிறுநீர் அடக்குவதில் சிரமம், இரவில் விடாத முதுகு வலி ஆகிய மூன்றும் இல்லை. பூட் அணிந்தவர்களிடம் நான் தவறாமல் பார்ப்பது கெண்டைக்கால். அசையாத காலில் இரத்தம் உறைய வாய்ப்புண்டு. வீக்கம், சூடு, தொட்டால் வலி இருந்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ பிசியோதெரபி செய்துகொண்டிருக்காமல் மருத்துவமனைக்கு அனுப்பிவிட வேண்டும். அவருக்கு இரு கெண்டைக்கால்களின் சுற்றளவும் சமமாக இருந்தது.

பூட்டைத் தளர்வாகக் கட்டியிருந்தார். இறுக்கினால் வீங்கும் என்ற பயம். குதிகால் பின்சுவரில் படாமல் முன்னால் நழுவியிருந்தது. ஊன்றுகோலை இடது கையில் பிடித்திருந்தார், அதாவது பூட் இருந்த பக்கமே.

நிற்க வைத்துப் பார்த்தேன். இடக்காலில் பூட், வலக்கால் வெறுங்கால். இடுப்பெலும்பின் இரு மேடுகளிலும் கை வைத்தபோது இடப்பக்கம் கண்ணுக்கே தெரியும்படி உயர்ந்திருந்தது. பூட்டின் அடித்தடிமன் உள்மெத்தையோடு சேர்த்து 36 மில்லிமீட்டர்.

நடக்கச் சொன்னபோது நடந்தது இதுதான். ஒவ்வொரு முறை வலது பாதத்தை வைக்கும்போதும் ஒரு சிறு படியிலிருந்து இறங்குவதுபோல் உடல் தொப்பென்று விழுந்தது. அடுத்து, நீண்டுவிட்ட கனமான இடக்காலைத் தரையில் உரசாமல் முன்னால் கொண்டுவர இடுப்பின் இடப்பக்கத்தை மேலே தூக்க வேண்டும். தூக்குவது யார்? ஊன்றி நிற்கும் வலக்காலின் பிட்டத்துப் பக்கவாட்டுத் தசை. அதன் தசைநாண் போய்ச் சேரும் இடம்தான் அவர் விரலால் காட்டிய அந்த மேடு. இடுப்பெலும்பு வலப்புறம் சாய்ந்திருக்க, தலையை நேராக வைக்க முதுகு இடப்பக்கம் வளைந்து ஈடுசெய்தது. மூன்று வலிகளுக்கும் காரணம் ஒன்றே என்று அப்போதே தெரிந்துவிட்டது. அதுவரை சரி.

முதல் முடிவும் அதன் பிழையும்

எங்கள் சிகிச்சை மையத்தின் வாசலில் "செருப்பைக் கழற்றிவிட்டு வரவும்" என்று ஒரு பலகை உண்டு. ஆசிரியையும் வலது செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்திருந்தார். எனவே நான் அளந்த 36 மில்லிமீட்டர் வித்தியாசம் எங்கள் பலகை உண்டாக்கியது, வெளியே செருப்போடு நடக்கும்போது அது குறைந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். அவரது செருப்பின் அடி 15 மில்லிமீட்டர். மீதி 21. அதைச் சரிசெய்ய, தடித்த அடியுள்ள விளையாட்டுக் காலணியை வலக்காலில் அணியச் சொன்னேன். வீட்டிலேயே மகளுடைய காலணி ஒன்று இருந்தது, அளவும் பொருந்தியது. பூட்டைக் குதிகால் பின்சுவரில் படும்படி வைத்து, விரல் பக்கமிருந்து மேல்நோக்கிக் கட்டக் கற்றுக்கொடுத்தேன். இடுப்புக்கு இரண்டு பயிற்சிகள் தந்து ஒரு வாரம் கழித்து வரச் சொன்னேன்.

26ஆம் நாள் வந்தார். இடுப்பு வலி 7, முதுகு 4, முழங்கால் 4. குறையவில்லை, கூடியிருந்தது. சொன்னதையெல்லாம் செய்தேன் என்றார். நம்பினேன், ஏனென்றால் பூட் சரியாகக் கட்டப்பட்டிருந்தது, காலணியும் காலில் இருந்தது. வலி மாத்திரை பற்றி எலும்பு மருத்துவரிடம் கேட்கலாம் என்ற அளவுக்குப் போய்விட்டேன்.

அப்போது உடன் வந்திருந்த மகளிடம், அம்மா வீட்டில் நடப்பதைச் சும்மா ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்கள் என்றேன். பெரிய யோசனை எதுவும் இல்லை. பேச்சுவாக்கில் சொன்னதுதான்.

வீடியோவில் கண்டது

அன்று மாலை வந்த வீடியோ ஒரு நிமிடம்கூட இல்லை. சமையலறையில் மேடை அருகே நிற்கிறார். இடக்காலில் பூட், வலக்கால் வெறுங்கால். அடுப்புக்கும் தொட்டிக்கும் இடையில் நான்கைந்து முறை போய் வருகிறார். அப்புறம் கூடம். அப்புறம் பூஜை அறை வாசல். அங்கே நின்று, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு பூட்டைக் கழற்றுகிறார். வலக்காலால் மூன்று நொண்டு நொண்டி உள்ளே போய் விளக்கேற்றுகிறார். அதேபோல் திரும்பி வந்து பூட்டைக் கட்டிக்கொள்கிறார்.

விளையாட்டுக் காலணியை அவர் நான் சொன்னபடியே அணிந்திருந்தார், வெளியே போகும்போது. ஆனால் மருத்துவ விடுப்பில் இருப்பவர் வெளியே எத்தனை முறை போவார்? அந்த ஒரு வாரத்தில் அவர் வாசல் தாண்டியது இரண்டு முறை. மற்ற நேரமெல்லாம் வீடு, வீடு என்றால் வெறுங்கால். எங்கள் பலகை உண்டாக்கியது என்று நான் ஒதுக்கிவிட்ட அளவுதான் அவர் நாள் முழுவதும் நடந்த அளவு. அந்தப் பலகை எங்கள் வாசலில் மட்டும் எழுதி மாட்டப்பட்டிருக்கிறது. நம் வீடுகளில் அது எழுதாமலே இருக்கிறது. நானும் அப்படி ஒரு வீட்டில்தான் வளர்ந்தேன், இருந்தும் தோன்றவில்லை. காலணி அணிந்தே வீட்டுக்குள் நடமாடும் நாடுகளில் எழுதப்பட்ட பாடநூல்கள் மற்றக் காலுக்குத் தடித்த காலணி போடு என்பதோடு நிறுத்திக்கொள்கின்றன. நானும் அங்கேயே நின்றுவிட்டேன்.

ஒற்றைக்காலில் நொண்டுவது தனிக் கவலை. வலியெடுத்த தசைநாணின் மேல் முழு உடலும் மூன்று முறை குதிக்கிறது, காலையும் மாலையும். தடுமாறினால் பூட் இல்லாத முறிந்த காலைத்தான் ஊன்றுவார்.

இரண்டாம் முடிவு: வீட்டுக்குள் ஒரு செருப்பு

வீட்டுக்குள் மட்டும் அணிய, வலக்காலுக்கு உயர்த்தப்பட்ட செருப்பு ஒன்று வேண்டும் என்று முடிவெடுத்தேன். உயரம் எவ்வளவு என்பதைக் கணக்கால் தீர்மானிக்கவில்லை. மறுநாள் 6 மில்லிமீட்டர் பிளைவுட் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அவர் வெறுங்காலுக்குக் கீழ் அடுக்கினேன். ஐந்து துண்டில், அதாவது 30 மில்லிமீட்டரில், இடுப்பு மேடுகள் சமமாயின. ஆறாவது துண்டை வைத்ததும் தள்ளுவதுபோல் இருக்கிறது என்றார். பூட்டின் அடி 36 என்றாலும், உள்மெத்தை எடையில் அமுங்கிவிடுகிறது. எனவே 30.

மாற்றுக் காலணி உயர்த்தி என்று காலணியின் அடியில் மாட்டும் ரப்பர்ப் பட்டை இணையத்தில் கிடைக்கிறது. வந்து சேரச் சில நாட்கள் ஆகும், தவிர அது ஷூவுக்கானது. ஆசிரியை வீட்டில் ஷூ போட மாட்டார். பஸ் நிலையத்தருகே செருப்புத் தைக்கும் ஒருவர் இருக்கிறார். சர்க்கரை நோயாளிகள் அணியும் எம்.சி.ஆர். என்ற மென்மையான ரப்பர் செருப்புகளுக்கு அடி மாற்றித் தருபவர். குதிகாலுக்குப் பின்னால் வார் உள்ள, 12 மில்லிமீட்டர் அடியுள்ள புதுச் செருப்பை வாங்கி, அதன் அடியில் 18 மில்லிமீட்டர் ஒட்டித் தரும்படி மகளிடம் சொல்லி அனுப்பினேன்.

வந்த செருப்பில் குதிகாலுக்குக் கீழே மட்டும் உயர்த்தியிருந்தது. அவரைக் குறை சொல்ல முடியாது, உயரம் கேட்பவர்கள் எல்லாரும் ஹீல்தான் கேட்கிறார்கள். ஆனால் பூட் பாதம் முழுவதையும் உயர்த்துகிறது. இங்கே குதிகாலை மட்டும் உயர்த்தினால் எடை முன்பாதத்துக்குப் போகும், தேய்ந்த முழங்காலுக்கும் நல்லதல்ல. நானே நேரில் போய்ப் பேசினேன். முழு நீளத்துக்கும் மூன்று அடுக்கு, விரல் நுனியில் மட்டும் லேசாகச் சீவல் என்று முடிவாயிற்று. ஈர மொசைக் தரையில் இந்த அடி வழுக்கும், கீழே வரியோடிய ரப்பர் ஒரு பட்டை போடட்டுமா என்று கேட்டவர் அவர்தான். எனக்குத் தோன்றாத விஷயம். அந்த ரப்பருக்காக மேல் அடுக்கு ஒன்றை மெலிதாக்கி மொத்த உயரத்தைச் சரிசெய்தார்.

வீட்டில் மாமியார் இருக்கிறார், எண்பதை நெருங்குகிறவர். வீட்டுக்குள் செருப்பா என்று கேட்டார். பூட்டையே அவர் கட்டாகப் பாவித்துத்தான் பொறுத்துக்கொண்டிருந்தாராம். ஆசிரியை வாக்குவாதம் செய்யவில்லை. செருப்புப் புதியது, ஒருபோதும் வாசல் தாண்டாது, கட்டிலருகே மட்டும் இருக்கும் என்று சொன்னார். பூஜை அறைக்கு வேறு ஏற்பாடு. வாசலில் ஒரு நாற்காலி போட்டு, அதில் உட்கார்ந்தபடி கும்பிடுவது, விளக்கை மகள் ஏற்றுவது. இந்த ஏற்பாட்டை முன்வைத்ததே மாமியார்தான். காலில் சர்க்கரைப் புண் வந்து ஆறிய அவருக்கும் வீட்டில் செருப்பு அணியச் சொல்லி மருத்துவர் பலமுறை கூறியிருக்கிறார். அந்த வாரம் மகள் இரண்டு ஜோடி வாங்கி வந்ததாகக் கேள்வி.

ஊன்றுகோல்: எந்தக் கை?

இதில் எனக்கே குழப்பம் இருந்தது. அடிபட்ட காலுக்கு எதிர்ப்பக்கக் கையில்தான் கோல் பிடிக்க வேண்டும். இடக்கால் முறிந்தவர் வலக்கையில் பிடிக்க வேண்டும். ஆனால் இப்போது அதிகம் வலிப்பது வலது இடுப்பு. அதற்கு உதவ இடக்கையில் பிடிக்க வேண்டும். அவர் தெரியாமல் செய்தது ஒரு கணக்கில் சரி, இன்னொரு கணக்கில் தவறு. முரண்பட்ட விதிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதைவிட, இரண்டு கைக்கும் வேலை தரும் வாக்கரை ஒரு வாரத்துக்கு மட்டும் வீட்டில் பயன்படுத்தச் சொன்னேன். வாக்கர் என்றதும் முகம் வாடியது. வயதாகிவிட்ட அடையாளமாக அதைப் பார்த்தார். ஏழு நாள் என்று தேதி போட்டுக் கொடுத்த பிறகு ஒப்புக்கொண்டார்.

பயிற்சிகளையும் மாற்றினேன். மல்லாந்து படுத்து, முழங்கால்களைச் சுற்றிக் கட்டிய துண்டை வெளிப்பக்கம் அழுத்தி, அசையாமல் பிடித்திருப்பது ஒன்று. முழங்காலுக்குக் கீழே சுருட்டிய துணி வைத்துத் தொடைத் தசையை இறுக்குவது ஒன்று. இடப்பக்கம் ஒருக்களித்து, முழங்கால்களுக்கு இடையில் தலையணை வைத்துப் படுக்கச் சொன்னேன். கால்மேல் கால் போடுவதும், ஒரு காலில் சாய்ந்து இடுப்பைத் தொங்கவிட்டு நிற்பதும் கூடாது. சமையல் மேடையருகே நீண்ட நேரம் நிற்பவர்கள் அப்படித்தான் நிற்கிறார்கள். காய் நறுக்குவது உட்கார்ந்தபடி.

இந்த மாற்றங்களை எலும்பு மருத்துவரிடம் தொலைபேசியில் தெரிவித்தேன். முறிவுக்கு இவற்றால் பாதிப்பில்லை என்றார்.

பின்னர் நடந்தது

செருப்பு 28ஆம் நாள் காலுக்கு வந்தது. 35ஆம் நாள் இடுப்பு வலி 3, முதுகு 1, முழங்கால் 2. வாக்கரைத் திருப்பித் தந்துவிட்டார்.

38ஆம் நாள் உறவினர் வீட்டு நிச்சயதார்த்தம். செருப்பு வாசல் தாண்டாது என்று கொடுத்த வாக்கு இங்கே எதிராக வேலை செய்தது. அதைக் கொண்டுபோகவில்லை. மண்டபத்தில் மூன்று மணி நேரம் பூட்டும் வெறுங்காலுமாக நின்றும் நடந்தும் இருந்தார். அன்றிரவு இடுப்பு வலி மீண்டும் 6. இரண்டு நாளில் தணிந்தது. செருப்பு, வாக்கர், பூஜை அறை நாற்காலி, பயிற்சி எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றியதால் எது பலன் தந்தது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. அந்த மூன்று மணி நேரத்தை வைத்துப் பார்த்தால், பெரும்பங்கு உயரத்துக்கு என்றே நினைக்கிறேன். ஒரே ஒரு நாளின் சாட்சி, அவ்வளவுதான்.

இன்னொரு சிக்கலை நான் எதிர்பார்க்கவில்லை. இரவில் பூட்டைக் கழற்றிவிட்டுப் படுப்பவர், கழிவறைக்கு எழுந்தபோது பழக்கத்தில் உயர்த்திய செருப்பை மட்டும் மாட்டிக்கொண்டு போயிருக்கிறார். இப்போது வித்தியாசம் தலைகீழ், இடக்கால் 30 மில்லிமீட்டர் குட்டை, பூட்டின் பாதுகாப்பும் இல்லை. பூட்டும் செருப்பும் ஒரு ஜோடி, போட்டால் இரண்டும், கழற்றினால் இரண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கட்டிலருகே ஒட்டச் சொன்னேன். எழுதியவர் ஆசிரியை அல்லவா, எழுத்து எங்கள் பலகையைவிட அழகாக இருந்தது.

ஆறு வாரம் முடிந்து எடுத்த எக்ஸ்ரேயில் முறிவு நன்றாகக் கூடியிருந்தது. பூட்டை ஒரே நாளில் விட்டுவிடாமல், முதலில் வீட்டில் ஒரு மணி நேரம், பிறகு அரை நாள் என்று பத்து நாட்களில் சாதாரணக் காலணிக்கு மாறினார். முதுகு வலி அதற்கு முன்பே நின்றுவிட்டது. முழங்கால் பழைய நிலைக்குத் திரும்பியது. இடுப்பு வலி மட்டும் பூட் போன பிறகும் பல வாரம் இழுத்தது. 12ஆம் வாரம், வலப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் மட்டும் 1 என்றார். பாதம் ஆறு வாரத்தில் தேறியது, அதைத் தாங்கிய இடுப்புக்கு அதன் இரு மடங்கு காலம் பிடித்தது.

இனி மாற்றிச் செய்பவை

பூட் மாட்டும் அன்றே மற்றக் காலின் உயரத்தையும் பேசியிருந்தால் இந்த வலி பெரும்பாலும் வந்திருக்காது. எங்கள் ஊர் எலும்பு மருத்துவர்கள் இருவரிடம் இதைச் சொன்னேன். பூட் எழுதிக் கொடுக்கும்போதே நோயாளியை என்னிடம் அனுப்புவதாக ஒருவர் ஒப்புக்கொண்டார்.

நான் கேட்கும் கேள்விகளையும் மாற்றிக்கொண்டேன். என்ன காலணி அணிகிறீர்கள் என்று கேட்பதில்லை. காலையில் எழுந்ததிலிருந்து எங்கெங்கே நடக்கிறீர்கள், அங்கே காலில் என்ன இருக்கும் என்று கேட்கிறேன். பூஜை அறை, கோயில், மண்டபம், மொட்டை மாடி என்று இடத்தைப் பெயர் சொல்லியே கேட்கிறேன். முடிந்தால் முதல் நாளே வீடியோ.

உயர்த்திய செருப்பு எல்லாருக்கும் பொருந்தாது. பாதத்தில் உணர்வு குறைந்தவர்கள், அடிக்கடி தடுமாறுகிறவர்கள், முன்பே கால்நீளத்தில் வித்தியாசம் உள்ளவர்கள் ஆகியோருக்கு அளந்து, நடக்க வைத்துப் பார்த்த பிறகே தர வேண்டும். பிளைவுட் துண்டுகளை ஒரு பையில் போட்டு மேசைக்கடியில் வைத்திருக்கிறேன்.

எங்கள் வாசல் பலகையில் இப்போது இரண்டாவது வரி ஒன்று இருக்கிறது: "வாக்கிங் பூட் அணிந்தவர்கள் மற்றக் கால் செருப்பைக் கழற்ற வேண்டாம்." வாரம் ஒருவராவது அதைப் படித்துவிட்டு, இது சரிதானா என்று உள்ளே எட்டிப் பார்த்துக் கேட்கிறார்கள்.